ஆர்என்ஏ படித்தால் சோறு போடுமா? நகரி அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணா, வணக்கம்.

ஆந்திராவின் நகரியில் நாலு பவர்லூம் ஓட்டுவதாகவும், மகள் இண்டரில் (பிளஸ் டூ மாதிரி) பைபிசி, அதாவது உயிரியல்-இயற்பியல்-வேதியியல் பிரிவில் இரண்டாம் ஆண்டு என்றும், அவள் திடீரென்று "நீட் வேண்டாம், ஆர்என்ஏ பிணைப்புப் புரதம் பற்றி ஆராய்ச்சி பண்ணப்போறேன்" என்று நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். "அது என்ன படிப்பு, சோறு போடுமா?" என்பது உங்கள் கேள்வி. முதலில் அது என்ன என்று பார்ப்போம். சோற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஜக்காடு தறி பார்த்திருப்பீர்கள். டிசைன் வரைந்த தாள் பத்திரமாக உள்ளே இருக்கும். அதைப் பார்த்துக் குத்திய அட்டைதான் தறியில் ஏறும். நம் செல்லுக்குள் டிஎன்ஏ அந்தத் தாள், ஆர்என்ஏ அந்த அட்டை, நெய்து வரும் துணி புரதம். அட்டை தானாக நடந்து போய்த் தறியில் ஏறாது இல்லையா? வேண்டாத துண்டை வெட்டி மிச்சத்தைக் கோர்க்க ஓர் ஆள், சரியான தறிக்குத் தூக்கிப்போக ஓர் ஆள், "இப்ப ஓட்டாதே" என்று பிடித்துவைக்க ஓர் ஆள். இந்த ஆட்கள்தான் ஆர்என்ஏ பிணைப்புப் புரதங்கள். மனிதரில் சுமார் 1,500 வகை.

கரு வளர்வதே இவர்கள் கையில்தான் இருக்கிறது. பழ ஈயின் முட்டையில் ஸ்டாஃபன் என்கிற புரதம் ஓர் ஆர்என்ஏவை ஒரு முனையில் பிடித்து நிறுத்துகிறது. அந்த முனைதான் தலையாகிறது. நம் தசையிலும் குழந்தைப் பருவத்துக்கு ஒரு வெட்டு, வளர்ந்த பிறகு வேறு வெட்டு. மயோட்டோனிக் டிஸ்ட்ரோஃபி என்ற நோயில் வெட்டுகிற ஆளே வேறொரு ஆர்என்ஏவில் சிக்கிக்கொள்வதால், பெரியவர் தசையில் குழந்தைக்கான வெட்டு நடக்கிறது.

"16 கோடி ஊசி, குழந்தைக்கு உதவுங்கள்" என்று வாட்ஸாப்பில் வருமே, தசைகள் பலமிழந்துபோகும் அந்த நோயின் பெயர் எஸ்எம்ஏ. எஸ்எம்என்1 என்ற மரபணு பழுதானால் வருவது. உடம்பில் எஸ்எம்என்2 என்று ஒரு மாற்று மரபணு உண்டு. ஆனால் அதிலிருந்து வரும் அட்டையில் பெரும்பாலும் ஏழாவது துண்டு விட்டுப்போகிறது. ஆர்என்ஏவின் ஓர் இடத்தில் பிணைப்புப் புரதம் உட்கார்ந்துகொண்டு அதைச் சேரவிடாமல் செய்வது ஒரு முக்கியக் காரணம். அந்த இடத்தை மூடிவிட்டால்? ஏழாவது துண்டு சேர்ந்துவிடும். நுசினெர்சன் என்ற மருந்து செய்வது இதைத்தான். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. (16 கோடி ஊசி வேறு, அது மரபணுவையே கொண்டுசேர்ப்பது.) இதன் பின்னால் இருந்த விஞ்ஞானி ஏட்ரியன் க்ரெய்னர், 1980களிலிருந்து ஆர்என்ஏ எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் வீட்டிலும் யாராவது "சோறு போடுமா" என்று கேட்டிருப்பார்கள்.

சரி, சோறு.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஏர்ப்பேட்டில் திருப்பதி ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2015இல் தொடங்கியது, ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ். ஐஏடி என்று தனி நுழைவுத்தேர்வு: 60 கேள்விகள், உயிரியல், வேதியியல், கணக்கு, இயற்பியல் நான்குக்கும் தலா 15, சரிக்கு 4 மார்க், தப்புக்கு 1 கழியும். பைபிசி பிள்ளைகளும் எழுதலாம். ஆனால் இண்டரில் கணக்கை விட்ட பிள்ளைக்கு அந்த 15 கேள்வி கழுத்தைப் பிடிக்கும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். பாப்பா இன்றைக்கே கணக்குக்குத் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும்.

அதற்கு மேல் பிஎச்டி, ஐந்தாறு வருடம். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டிலிருந்து பணம் போகாது. 28, 29 வயது வரை வீட்டுக்குப் பெரிதாக வரவும் செய்யாது. 22இல் மாப்பிள்ளை பார்க்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே அவளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் வருடத்தில் சொன்னால் இரண்டு பேருக்கும் வலிக்கும்.

பிஎச்டி வேண்டாம் என்றால் எம்எஸ்ஸோடு நிறுத்திக்கொண்டு மரபணுப் பரிசோதனைக் கூடங்களுக்கோ, கம்ப்யூட்டரில் ஆர்என்ஏ தரவு அலசும் வேலைக்கோ போகலாம். ஹைதராபாத்தில் சிசிஎம்பி, சிடிஎஃப்டி என்ற இரண்டு அரசு ஆராய்ச்சி நிலையங்களும் இருக்கின்றன. மரபணு ஆலோசகர் என்றும் ஒரு வேலை உண்டு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நம் பக்கத்தில் அதற்குத் தேவை நிறைய. எஸ்எம்ஏ பழுதைச் சுமக்கும் இரண்டு பேர் சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இதைக் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துச் சொல்ல இங்கே ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஐசர் கிடைக்கவில்லை என்று கடன் வாங்கி ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் பயோடெக் சேர்க்காதீர்கள். அப்படிப் படித்துவிட்டு வந்த ஒரு பையனிடம் ஆய்வகத்தில் திரவத்தை அளந்து எடுக்கும் பைபெட்டை எத்தனை தடவை பிடித்தாய் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினான். அதைவிட, நல்ல பேராசிரியர்கள் இருக்கும் அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி படித்துவிட்டு எம்எஸ்சிக்கு மறுபடி முயலலாம்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை அழைத்து வாருங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கும், இண்டர் முதல் வருட மார்க் மெமோவும் கையில் இருக்கட்டும். கோபத்தில் நீட் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஐஏடி பயாலஜிக்கு அதுவே போதும்.