ஜேஆர்எஃப் கையில் இருக்கும்போது வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் முடித்து, யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (பிஎச்.டி. செய்பவர்களுக்கு மாதாமாதம் தரும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தகுதி பெற்றிருக்கிறேன். அதற்கான கடிதம் வந்து 4 மாதம் ஆகிறது. அப்பா துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். என் படிப்புக்காக அம்மாவின் நகையை அடகுக் கடையில் 1.2 லட்சத்துக்கு வைத்தோம். மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. கைக்கு 27,000 ரூபாய் வரும் தனியார் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு 10,000, என் செலவுக்கு 4,000 போகும். 2 வருடம் வேலை பார்த்துவிட்டு பிஎச்.டி. சேரலாமா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: வேலைக்குப் போங்கள். ஆனால் 2 வருடம் வேண்டாம்.

ஜேஆர்எஃப் தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். 2 ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) ஆனதும் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வாடகைப் படி தனி. ‘படிக்கப் போனால் சம்பாத்தியம் போச்சே’ என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். உங்களுக்கு வந்திருக்கும் வேலையைவிட ஆராய்ச்சிதான் கூடுதலாகக் கொடுக்கிறது!

அப்படியானால் உடனே சேர்ந்துவிடலாமே? சிக்கல் முதல் சில மாதங்களில் இருக்கிறது. சேர்க்கை முடிந்து, ஆவணங்கள் ஏறி, பல்கலைக்கழகம் மாதாமாதம் உறுதி செய்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எங்காவது ஒரு கையெழுத்து தங்கினால் சில மாதப் பணம் மொத்தமாகத் தாமதமாகும். அதுவரை வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய 10,000 யார் கையிலிருந்து வரும்? மறுபடி அம்மாவின் கழுத்திலிருந்துதான். அதனால் இந்த வேலையில் உங்களுக்கு வேண்டியது இரண்டு: நகை வீட்டுக்கு வர வேண்டும், 6 மாதச் செலவு கையிருப்பாக இருக்க வேண்டும்.

செலவு போக மாதம் 13,000 மிஞ்சும். அடகுக் கடை வட்டியே இப்போது மாதம் 1,800. முதல் வேலையாக, நகையை மீட்டு வங்கியில் நகைக் கடனாக மாற்றுங்கள். வட்டி ஏறக்குறைய பாதியாகும். மிஞ்சுவதை முழுக்க அதில் கட்டினால் சுமார் 10 மாதத்தில் கடன் முடியும். அடுத்த 8 மாதத்தில் 1,04,000 ரூபாய் சேரும். அதில் 90,000 கையிருப்பு, மீதி சேர்க்கைக் கட்டணத்துக்கு. ஆக, 18 மாதம் போதும். கையிருப்பை ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), எஃப்டி (நிரந்தர வைப்பு) தாண்டி எங்கும் போடாதீர்கள்.

மிச்சமுள்ள 6 மாதத்தை ஏன் விடச் சொல்கிறேன்? உங்கள் கடிதம் வழங்கிய தேதியிலிருந்து 3 ஆண்டுக்குத்தான் செல்லும். 18 மாதம் வேலை பார்த்தால் 14 மாதம் கையில் நிற்கும். 24 மாதம் என்றால் 8 மாதம்தான். ஒரு சேர்க்கை தவறினால் அடுத்ததற்குள் கடிதம் செல்லாமல் போகலாம். 15-வது மாதத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். நெறியாளர் தேடுவதை இன்றே தொடங்கலாம், அதற்குச் செலவில்லை.

தெருவில் யாராவது 20 மாத ஏலச்சீட்டுக்கு ஆள் சேர்ப்பார்கள். வேண்டாம். சம்பளம் நின்ற பிறகும் தவணை நிற்காது. ஸ்கூட்டி இஎம்ஐக்கும் இதே பதில்தான். திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டி வரை போகலாம், பிறகு எதற்கு வண்டி?

வேலையை விடும்போது பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். 5 ஆண்டு தொடர் பணி முடியாமல் எடுத்தால் வரி வரும். விட்டு வைத்தால் வட்டி சேரும். ஆராய்ச்சி உதவித்தொகை 5 ஆண்டில் முடியும், ஆய்வேடு பெரும்பாலும் அதற்குள் முடியாது. அந்தக் கடைசி ஆண்டுக்கென்று எஸ்ஆர்எஃப் வந்த மாதத்திலிருந்தே 5,000 ஒதுக்குங்கள்.