ஓர்னாத்துஸா, ஓர்னாத்தாவா?

கேள்வி: பாம்புக் கண்காட்சிக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். பறக்கும் பாம்பின் பெயர் பழைய நூலில் 'கொலுபெர் ஓர்னாத்துஸ்', இப்போதைய நூல்களில் 'கிரிசோபெலேயா ஓர்னாத்தா'. கடைசிச் சொல் ஏன் மாறியது? அதற்கு என்ன பொருள்?

பதில்: அச்சுப்பிழை இல்லை, இரண்டும் சரிதான். அழகான பையன், அழகான பெண், அழகான வீடு என்று தமிழில் 'அழகான' மாறாமல் நிற்கும். லத்தீனில் அப்படி விட மாட்டார்கள். வந்தான், வந்தாள், வந்தது என்று நம் வினைமுற்று மாறுவதுபோல அங்கே பெயரடையும் பால் பார்த்து மாறும்: ஓர்னாத்துஸ், ஓர்னாத்தா, ஓர்னாத்தும். 1802இல் ஆங்கில விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா இந்தப் பாம்புக்குப் பெயரிட்டபோது கொலுபெர் என்ற பேரினத்தில் வைத்தார்; பெயரின் முதல் சொல்தான் பேரினம். அது ஆண்பால். பின்னாளில் பாம்பு இடம்மாறிய கிரிசோபெலேயா பெண்பால், அதனால் 'ஓர்னாத்தா' ஆயிற்று.

கடைசி எழுத்தை மட்டும் பார்த்துப் பாலை முடிவு செய்துவிடாதீர்கள். நம் ஊர்ச் சிறு தவளை ஒன்றுக்கு 1841இல் 'எங்கிஸ்தோமா ஓர்னாத்தும்' என்று பெயர் வைத்தார்கள். பேரினப் பெயர் ஆகாரத்தில் முடிந்தாலும் பெண்பால் அல்ல. வாய் என்று பொருள்படும் 'ஸ்தோமா' கிரேக்கத்தில் ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பால். அதே தவளை இன்று மிக்ரோஹைலா ஓர்னாத்தா.

சரி, பொருளுக்கு வருவோம். 'ஓர்னாரே' என்ற வினையிலிருந்து வந்த எச்சம் இது; 'அணி செய்யப்பட்ட' என்று பொருள். பச்சை உடம்பில் கறுப்புக் குறுக்குக் கோடுகளும், சிலவற்றின் முதுகில் சிவப்புப் பூப்போன்ற புள்ளிகளும் கொண்ட பாம்புக்குப் பொருத்தமான பெயர். 'அலங்கரித்த' என்று எழுதுவதைவிட 'அணி' என்ற சொல்லையே நான் விரும்புவேன். காரணம் இருக்கிறது. ரோமானியர் கப்பற்படையைப் போருக்கு ஆயத்தப்படுத்துவதையும் 'ஓர்னாரே' என்றார்கள். நமக்கும் நகை அணி, படையும் அணி. ரோமானியச் சொற்கலை ஆசிரியர் குவிந்திலியன் தன் சொற்கலை நூலின் எட்டாம் பகுதியில் பேச்சின் அழகை 'ஓர்னாத்துஸ்' என்கிறார். நம் இலக்கணத்திலும் அது அணிதான்.

ஆனால் குவிந்திலியன் சொல்வது பெயரடை அல்ல, 'அணிகலம், அலங்காரம்' என்னும் தனிப் பெயர்ச்சொல். எழுவாயாக வரும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வேற்றுமை ஏற்கும்போது வேறுபாடு தெரியும்: 'ஓர்னாத்தூ' என்று ஊகாரத்தில் முடிந்தால் பெயர்ச்சொல், 'ஓர்னாத்தோ' என்றால் பெயரடை. லத்தீன் விவிலியத்தில் ஆதியாகமம் 2:1இல் வானமும் பூமியும் 'ஒம்னிஸ் ஓர்னாத்துஸ் ஏயோரும்', அதாவது அவற்றின் அலங்காரம் முழுவதும், முடிந்ததாக வருவது இந்தப் பெயர்ச்சொல்தான். எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது படையைக் குறிக்கும் சொல். பழைய தமிழ் விவிலியமும் 'சர்வசேனை' என்றே சொல்கிறது.

அப்புறம், பலகையில் 'கிரிசோபெலேயா ஓர்னாத்தா (ஷா, 1802)' என்று அடைப்புக்குறியோடு எழுதுங்கள். ஷா வைத்த பேரினத்திலிருந்து பாம்பு மாறியதற்கு அதுதான் அடையாளம்.