எந்தத் தடயத்துக்கு எந்த நுண்ணோக்கி?

கேள்வி: தடயவியல் ஆய்வகத்துக்கு வரும் தடயத்தை முதலில் எந்த நுண்ணோக்கியில் வைப்பீர்கள்? (மாணவி, மதுரை)

மின்னணு நுண்ணோக்கி என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை, ஸ்டீரியோ நுண்ணோக்கிதான். 10 முதல் 40 மடங்கு பெருக்கிக் காட்டினால் போதும். பொருளை நறுக்க வேண்டாம், சாயம் ஏற்ற வேண்டாம். மேடுபள்ளம் அப்படியே தெரியும். ஒரு சட்டையில் பொத்தான் இல்லை என்று வையுங்கள். மிச்சமிருக்கும் நூலின் முனைகள் ஒரே மட்டத்தில் இருந்தால் கத்தரித்திருக்கிறார்கள். இழைக்கு ஒரு நீளமாகப் பிரிந்து கிடந்தால் பிய்ந்திருக்கிறது. கைகலப்பு நடந்ததா என்ற விசாரணையில் இது சின்ன விஷயமல்ல. எடுத்த எடுப்பில் ஆயிரம் மடங்குக்குத் தாவுகிறவர் கண்ணில் இது படாது.

கேள்வி: தோட்டாவை வைத்து இந்தத் துப்பாக்கிதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? (வாசகர், சேலம்)

ஒப்பீட்டு நுண்ணோக்கியை வைத்து. இரண்டு நுண்ணோக்கிகளை ஒளியியல் பாலம் ஒன்றால் இணைத்த கருவி அது. பார்வை வட்டத்தின் நடுவே ஒரு கோடு. சந்தேகத்துக்குரிய துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு எடுத்த தோட்டா ஒரு பக்கம், உடலிலிருந்து எடுத்தது மறுபக்கம். குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்கள் தோட்டாவின் மேல் கீறல் போட்டிருக்கும். ஒன்றை மெல்ல உருட்டிக்கொண்டே வந்தால், பொருந்தும் இடத்தில் இந்தப் பக்கத்துக் கீறல்கள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்திலும் தொடர்ந்து ஓடும். அந்த ஒரு கணத்துக்காக அரை நாள் உட்கார்ந்திருப்போம்.

1920களில் அமெரிக்காவில் பிலிப் கிராவெல் இதைத் தோட்டா ஆய்வுக்கு ஏற்றபடி அமைத்தார். பரவலாக்கியவர் கால்வின் காடர்ட். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலையாளிகளில் சிலர் போலீஸ் உடையில் வந்ததால் சந்தேகம் போலீஸ் மீதே விழுந்தது. காடர்ட் போலீஸாரின் தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்தார், பொருந்தவில்லை. அந்த டிசம்பரில் மிச்சிகனில் ஃப்ரெட் பர்க் என்பவரின் வீட்டில் சிக்கிய இரண்டு தாம்சன்கள் பொருந்தின. குற்றவாளியைக் காட்டியதைவிட, முதலில் குற்றமற்றவர்களை விடுவித்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியில் இந்த வித்தை பலிக்காது. குழல் வழவழப்பானது, ரவைகளில் ஒப்பிடத்தக்க கீறல் விழாது. தோட்டா உறை கிடைத்தால், அதன் அடியில் சுடுமுள் (விசையை அழுத்தியதும் தோட்டாவின் அடியில் குத்தும் முள்) குத்திய தழும்பை ஒப்பிடலாம். வாய்வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி என்றால் அந்த உறையும் இல்லை.

கேள்வி: கையில் வெடிமருந்து இருந்தால் சுட்டவர் அவர்தானே? (வாசகர், திருச்சி)

அவசரப்படாதீர்கள். கையில் பசை வில்லையை ஒற்றியெடுத்து, வருடு மின்னணு நுண்ணோக்கியில் (எலக்ட்ரான் கற்றையால் மேற்பரப்பை வருடிப் படம் காட்டும் கருவி) வைப்போம். ஒரு சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள உருண்டைத் துகள்கள் தெரியும். எக்ஸ் கதிர் பகுப்பாய்வில் ஈயம், பேரியம், ஆன்ட்டிமனி மூன்றும் ஒரே துகளில் இருந்தால் அது துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்ல வலுவான ஆதாரம். ஆனால் பக்கத்தில் நின்றவர் மேலும் துகள் படியும். துப்பாக்கியைத் தொட்டவர் கையிலும் ஒட்டும். கை கழுவினால் போய்விடும். ஆகவே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கேள்வி: ஒரு தலைமுடியால் ஆளைப் பிடிக்க முடியுமா? (வாசகி, கோவை)

நுண்ணோக்கியால் மட்டும் முடியாது. மனித முடியா விலங்கின் முடியா என்று தயங்காமல் சொல்லலாம்: மனித முடியில் நடு மையம் (முடிக்குள் நீளவாக்கில் ஓடும் உள்தண்டு) முடியின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பெரும்பாலான விலங்குகளில் பாதிக்கு மேல். அதைத் தாண்டி 'இன்னாருடையது' என்று சாட்சி சொன்னதன் விளைவு தெரியுமா? பழைய வழக்குகளில் தன் நிபுணர்கள் தந்த முடி ஒப்பீட்டுச் சாட்சியங்களை மறுபரிசீலனை செய்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., பார்த்த விசாரணைகளில் குறைந்தது 90 சதவீதத்தில் பிழையான கூற்றுகள் இருந்ததாக 2015இல் ஒப்புக்கொண்டது. வேரோடு கிடைத்த முடியை டி.என்.ஏ. பிரிவுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: செல்போனில் மாட்டும் பூதக்கண்ணாடியால் போலிப் பத்திரத்தைக் கண்டுபிடிக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

ஓரளவு. இங்க்ஜெட் எழுத்தில் மை காகித நார்களுக்குள் ஊறிக் கசிந்திருக்கும்; லேசர் எழுத்தில் தூள் உருகி மேலேயே பளபளப்பாக ஒட்டியிருக்கும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய பத்திரம் என்று நீட்டிய தாளில் லேசர் எழுத்தைக் கண்டால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை மூலப் பத்திரத்தை மடிக்கவோ பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டவோ வேண்டாம்.