மிட்கார் நகரத்துக்கு இரண்டாம் முறை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மிட்கார் என்ற கற்பனை நகரத்தில் நடக்கும் ‘ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்’ வீடியோ விளையாட்டைப் பற்றி நான்கைந்து வரிகள்தான் எழுதியிருந்தேன். சண்டை முறையை மாற்றியது சரி, கதையின் போக்கில் கைவைத்தது சரியில்லை என்பது அதன் சாரம். அதற்குக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களைப் படித்தபோது, இந்த ஜப்பானிய விளையாட்டு நம் பக்கத்தில் இத்தனை பேருடைய இளமையில் கலந்திருக்கிறதே என்று வியந்துபோனேன். ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கதை முடிச்சு அவிழும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கேள்வி: ரீமேக், ரீமாஸ்டர் என்று இரண்டு சொற்கள் அடிபடுகின்றன. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஒன்றல்ல. பழைய விளையாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தின் தெளிவையும் ஒலியையும் மட்டும் இன்றைய திரைக்கு ஏற்றபடி கூட்டுவது ரீமாஸ்டர். கதையையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் அடியிலிருந்து புதிதாகச் செய்வது ரீமேக். ஃபைனல் ஃபேன்டசி 7 முதன்முதலில் 1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் என்ற விளையாட்டுக் கருவிக்காக 3 வட்டுகளில் வெளிவந்தது. 2020 ஏப்ரல் 10 அன்று ப்ளேஸ்டேஷன் 4க்கு வந்தது அதன் ரீமேக்.

கேள்வி: ஐயா, சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த ப்ளேஸ்டேஷனை எங்கள் வீட்டுப் பட்டாசாலை டிவியில் மாட்டி, அண்ணனும் நானும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் இந்த விளையாட்டை ஆடினோம். நீலப் பெட்டியில் கட்டளையைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. ‘இப்ப அடிக்காதே, க்யூர் (காயம் ஆற்றும் மந்திரம்) போடு’ என்று யோசனை சொல்வது அண்ணன் வேலை. இப்போது என் மகன் ரீமேக் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறான். யோசிப்பதற்கு அதில் இடமே இல்லையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இடம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது எளிதில் தெரியாது; உங்கள் வருத்தம் நியாயமானதுதான்.

பழைய விளையாட்டும் முழுக்க முறை வைத்து ஆடும் விளையாட்டு அன்று. 1991இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 4 தொடங்கியே இந்த வரிசையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் திரையில் ஒரு பட்டை உண்டு. நேரம் ஓட ஓட அது நிரம்பும், நிரம்பியவர் செயல்படலாம், நாம் கைகட்டிக்கொண்டிருந்தால் எதிரி நமக்காகக் காத்திருக்க மாட்டான். ரீமேக் அந்தப் பட்டையைத் தூக்கி எறியவில்லை. வாளால் அடிக்க அடிக்க அது விரைவாக நிரம்புகிறது. ஒரு பங்கு நிரம்பியதும் கட்டளைப் பட்டியலைத் திறந்தால் காலம் ஏறத்தாழ உறைந்துபோய் நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் மந்திரமா, மருந்தா, தனித் திறனா என்று முடிவெடுக்க வேண்டும். உங்கள் மகன் விடாமல் அழுத்துவது பட்டையை நிரப்புவதற்காக. சண்டை ஜெயிப்பதும் தோற்பதும் அவன் பட்டியலைத் திறக்கும் நொடியில்தான்.

அணு உலையைப் போன்ற அந்த முதல் மாக்கோ உலைக்குள் (மாக்கோ என்பது கதையில் நிலத்திலிருந்து உறிஞ்சும் ஆற்றல்) வரும் தேள் இயந்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். பழைய விளையாட்டின் ஆங்கில வடிவத்தில், வால் நிமிர்ந்திருக்கும்போது அடி என்று பொருள்படும்படி நாயகன் க்ளவுட் சொல்லுவான். நம்பி அடித்தவர்கள் அத்தனை பேரும் லேசரில் வெந்தார்கள், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் எச்சரிக்கை தலைகீழாகிவிட்டது. வால் நிமிர்ந்திருக்கும்போது அடிக்காமல் இருப்பதுதான் வழி. ரீமேக்கில் அதே தேள் வாலை உயர்த்தும்போது, இடிந்து விழுந்து கிடக்கும் பாளத்துக்குப் பின்னால் ஓடி ஒளிய வேண்டும். பொறுத்திரு என்ற அதே பாடம் அன்று விரலை அடக்குவதாக இருந்தது, இன்று காலை நகர்த்துவதாக இருக்கிறது. மூலத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்தான் இப்படி மாற்ற முடியும்.

குறை இல்லையா என்றால், உண்டு. பறக்கும் எதிரியை க்ளவுடின் வாள் எட்டாமல் தவிப்பது பலரும் சொல்லும் புகார், என்னுடையதும்தான். நாம் இயக்காத கூட்டாளிகளின் பட்டை ஆமை வேகத்தில் நிரம்புவதால், அவர்கள் சும்மா நிற்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று: அமைப்புகளில் ‘கிளாசிக்’ என்று ஒரு முறை இருக்கிறது. அதில் அடிப்பதையும் தடுப்பதையும் பாத்திரமே பார்த்துக்கொள்ளும், நீங்கள் கட்டளையை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். முதலில் அதை எளிய நிலையில் மட்டுமே ஆட முடிந்தது. 2021இல் ப்ளேஸ்டேஷன் 5க்கு வந்த ‘இன்டர்கிரேட்’ பதிப்பில் சாதாரண நிலைக்கும் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை அந்த முறைக்கு மாற்றச் சொல்லி, கையில் கன்ட்ரோலரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். யோசனை சொல்வதற்கு அண்ணனை அழைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் குடும்பத் தொழில் ஆத்தங்குடிக் கல் ஊற்றுவது. பழைய வீட்டுக் கல் ஒன்றைக் கொண்டுவந்து ‘இதே மாதிரி வேண்டும்’ என்பார்கள். அச்சும் நிறமும் அப்படியே வைத்து ஊற்றிக் கொடுத்தாலும், ‘பழையதுபோல இல்லையே’ என்று முகம் வாடுவார்கள். ரீமேக்கை ஆடியபோது எனக்கும் அதே வாட்டம் வந்தது. மூக்கும் வாயும் சரியாகத் தெரியாத பழைய பொம்மைகளுக்காக அழுதேன். இமை முடிகூடத் தெரிகிற புதியவர்களுக்காக அழுகை வரவில்லை. ஏன்?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: இந்த வாரத்துக் கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, அச்சை நடுக்கமின்றித் தூக்கி, அதன்மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை நிரப்பி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியைப் பிரிப்பதை உங்கள் ஊரில் நான் நின்று பார்த்திருக்கிறேன். கோடு எங்காவது ஓர் இழை பிசகும். அந்தப் பிசகோடும், இத்தனை ஆண்டு பாதம் பட்ட மெருகோடும் சேர்ந்ததுதான் பழைய கல். கொண்டுவருபவர் கேட்பது அந்த மெருகை. அதை ஊற்றித் தர யாராலும் முடியாது.

பழைய விளையாட்டில் குரல் கிடையாது. நாயகனின் தோழி டிஃபா பேசினால் எழுத்துகள் ஓடும், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு குரலை, ஒரு தயக்கத்தை, ஒரு பெருமூச்சை நாம்தான் கொடுத்தோம். ஆளுக்கு ஆள் அது வேறாக இருந்தது. ரீமேக்கில் நடிகர் ஒருவர் அதைப் பேசி முடிவுசெய்துவிடுகிறார், நன்றாகவே பேசுகிறார் என்றாலும், நம் மனத்தில் இருந்த குரலை அது அணைத்துவிடுகிறது. தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இருண்ட சந்தில் பச்சை ஒளிக்கு முன்னால் குனிந்திருக்கும் ஏரித் என்ற பூக்காரி எழுந்து, பூக்கூடையோடு தெருவுக்கு வருகிறாள். காட்சி பின்வாங்கிப் பின்வாங்கி மிட்கார் நகரம் முழுவதையும் காட்டிவிட்டு, மறுபடி கீழே பாய்ந்து, ரயிலில் வந்து இறங்கும் க்ளவுடிடம் நிற்கிறது. இரண்டு விளையாட்டிலும் இது உண்டு. பழையதில் அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. புதியதில் அச்சம் தெரிகிறது. தெரிந்ததால் காட்சி வளமானது. நாம் ஊகிப்பதற்கு இருந்த இடம் குறைந்தது. இரண்டும் உண்மை. இசையில் மட்டும் அந்த இழப்பு எனக்கு நேரவில்லை: இசையமைப்பாளர் நோபுவோ உயேமட்சு அன்று பழைய ப்ளேஸ்டேஷனின் ஒலிச் சில்லுக்குள் அடக்கி எழுதிய மெட்டுகள், இன்று முழு வாத்தியக் குழுவோடு வந்து, சண்டை சூடேறும்போது தாமும் சூடேறுகின்றன. கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

கேள்வி: பழைய விளையாட்டில் ஐந்தாறு மணி நேரத்தில் முடியும் மிட்கார் நகரத்தை 30 மணி நேரத்துக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். இது ஆடுபவரை ஏமாற்றுவது ஆகாதா?
– கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

பதில்: இழுத்த இடமும் உண்டு, வளர்த்த இடமும் உண்டு. காணாமல்போன பூனைகளைத் தேடுவதும், சுவர் இடுக்கில் உடலைத் திருப்பி மெல்ல மெல்ல நுழைவதும் இழுத்த இடங்கள். ஜெஸ்ஸியின் வீடு வளர்த்த இடம். பழைய விளையாட்டில் நாயகர் குழுவுக்குக் குண்டு செய்து தரும் அவள், சில வரி பேசிவிட்டு மறையும் துணைப் பாத்திரம். ரீமேக்கின் 4ஆம் அத்தியாயத்தில் அவளுடைய பெற்றோர் வீட்டுக்குப் போகிறோம். தாய் சமைத்து உபசரிக்க, உள்ளறையில் மாக்கோ நஞ்சேறி நினைவின்றிக் கிடக்கிறார் தந்தை. அவள் ஏன் குண்டு செய்கிறாள் என்பதை எவரும் பேசி விளக்கவில்லை, அந்த அறையைப் பார்த்தாலே போதும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்ல வேண்டும். நேரத்தைவிட எனக்கு உறுத்துவது இதுதான். பழைய கதையில் முதல் உலையைத் தகர்த்தது நாயகர்களின் போராளிக் குழுவான அவலாஞ்சின் குண்டு. அதில் செத்தவர்களின் பழி குழுத் தலைவன் பாரெட்டின் தலைமேல் நிற்கிறது, பின்னால் அதைச் சொல்லிக் காட்டவும் ஓர் ஆள் வருகிறார். ரீமேக்கில் அந்தச் சிறு வெடிப்பைப் பெரும் நாசமாக்குவது, அந்த உலைகளை நடத்தும் ஷின்ரா நிறுவனமே. குண்டின் அளவில் தன் கணக்குத் தப்பிவிட்டதோ என்று ஜெஸ்ஸி மறுகுகிறாள். தப்பவில்லை என்பது ஆடுகிற நமக்கு மட்டும் தெரியும். எரியும் தெருவில், காயம்பட்ட மக்களுக்கு நடுவே நம்மை நடக்கவைத்த துணிவு பெரிது. அந்தத் தெருவுக்கு நாயகர்கள் பொறுப்பில்லை என்று உடனே ஆறுதல் சொன்னதும் அதே கைதான். 1997இல் அந்த ஆறுதலை நமக்குத் தரவில்லை.

ஏமாற்றா என்ற கேள்விக்கு: மூன்று பாகங்களில் முதலாவதுதான் இது என்பது விளையாட்டின் பெயரில் எங்கும் இல்லை. பல பாகங்களாக வரும் என்று 2015இலேயே அறிவித்திருந்தாலும், கடையில் அட்டையைப் பார்த்து வாங்கியவர் முழுக் கதையும் உள்ளே இருப்பதாக நினைத்திருந்தால் அது அவர் குற்றமல்ல.

கேள்வி: சாம்பல் நிற முக்காடு போட்ட ஆவிகள் எதற்கு? பழைய கதையை அறியாத எனக்கு முடிவு ஒன்றுமே விளங்கவில்லை.
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முடிவை இன்னும் எட்டாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போகலாம்.

‘விஸ்பர்ஸ்’ எனப்படும் அந்த ஆவிகள் விதியின் காவலர்கள். கதை 1997இன் பாதையிலிருந்து விலகும்போதெல்லாம் வந்து, அதைப் பிடித்துத் திருப்பி விடுகின்றன. 18ஆம் அத்தியாயத்தில் நாயகர்கள் அவற்றை எதிர்த்து வெல்கிறார்கள். பழைய கதையில் இறந்தவர் ஒருவர் உயிரோடு நடந்து வருகிறார். டெட்சுயா நொமுரா, யோஷினோரி கிட்டாசே, கசுஷிகே நோஜிமா ஆகிய மூவரும் அன்று மூலத்தைச் செய்தவர்கள், ரீமேக்கிலும் முன்னின்றவர்கள். தாங்கள் படைத்ததை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. பழையதைக் கரைத்துக் குடித்தவர்களில் ஒரு சாரார், இனி என்ன நடக்குமோ என்ற தவிப்பை மீண்டும் கொடுத்தார்களே என்று கொண்டாடுகிறார்கள். இன்னொரு சாரார், எங்களுக்குக் கதையைத் திருப்பிச் சொல்வதாகத்தானே அழைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். இந்த இரு சாராருக்கும் இடையில் உங்களைப் போன்ற புதியவரை மறந்துவிட்டார்கள். விதி உடைகிறது என்றால், எந்த விதி என்று தெரிந்தவருக்குத்தானே அது உடைந்த ஓசை கேட்கும்? முன் அறிமுகம் இன்றி உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு, கடைசிக் கட்டில் உறவுமுறை கேட்பது முறையல்ல. உங்களுக்கு விளங்காமல்போனது உங்கள் குறை அன்று.

கேள்வி: எதையும் மாற்றாமல் நன்றாகச் செய்த ரீமேக் எதுவும் இல்லையா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ட்ராகன் குவெஸ்ட் 3 என்ற இன்னொரு ஜப்பானிய விளையாட்டு மிக அருகில் வருகிறது. 1988இல் வந்ததை 2024 நவம்பர் 14 அன்று மறுபடி செய்து வெளியிட்டார்கள். மனிதர்கள் பழைய புள்ளி ஓவியமாகவே இருக்க, மலையும் கடலும் வீடும் ஆழத்தோடு விரிகின்றன. சண்டை ஆளுக்கொரு முறை வைத்துத்தான் நடக்கும். அதற்கும் புகார் உண்டு: இவ்வளவு அழகு செய்தவர்கள், நாலடிக்கு ஒருமுறை குறுக்கிடும் சண்டைகளைக் குறைத்திருக்கக் கூடாதா என்கிறார்கள். எனக்கு அது நிறைவாகவே இருந்தது, ஆனால் அந்தக் கதை எளியது. மாற்றாமல் சொன்னாலும் தாங்கும்.

கேள்வி: இவ்வளவும் படித்தபின் கேட்கிறேன்: பழையதா, புதியதா, எதை முதலில் ஆடுவது? 12 வயதுப் பையனுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: நீங்கள் முதலில் பழையதை ஆடுங்கள். ப்ளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் ஆகிய விளையாட்டுக் கருவிகளுக்கு வந்த பதிப்பில் மும்மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதியும், எதிரி குறுக்கிடாமல் நிறுத்தும் வசதியும் இருப்பதால், குடும்ப வேலைக்கு நடுவிலும் முடித்துவிடலாம். பிறகு ரீமேக், அதன்பின் 2024 பிப்ரவரி 29 அன்று வந்த இரண்டாம் பாகமான ‘ரீபர்த்’. பையனைப் பொறுத்தவரை, ரீமேக்கை ஐரோப்பாவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். அவனுக்கு ட்ராகன் குவெஸ்ட் 3ஐக் கொடுங்கள். வசனத்தை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும், முதல் சில நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக் கொடுங்கள்.