பேட்டரி கார் வாங்கினால் ஓட்டும் சுகம் போய்விடுமா?

கேள்வி: வீடு கோவையில், வேலை திருப்பூரில். போய்வர நாளுக்கு 110 கிலோமீட்டர். 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் (பெட்ரோல், வேகமான மாடல்) ஒன்று வைத்திருக்கிறேன், விற்க மனம் வரவில்லை. தினசரி ஓட்டத்துக்கு 27 லட்சத்துக்குள் வேறு வண்டி தேடுகிறேன். மின்சார வண்டியான மஹிந்திரா பிஇ 6 பெரிய பேட்டரியா, பெட்ரோல் வண்டியான ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ் 1.5 டர்போவா என்று இரண்டு மனதாக இருக்கிறது. "பேட்டரி வண்டி வாங்குகிறவனுக்கு ஓட்டத் தெரியாது" என்று நண்பர்கள் சண்டைக்கே வருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சென்னை, தோன்றினால் ஊட்டி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நாளுக்கு 110 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம். நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் காசு செலவாகப்போவது திங்கள் முதல் சனி வரை.

மாதம் 25 நாள் என்றால் 2,750 கிலோமீட்டர். பேட்டரி கணக்கை நம் வீட்டு இ.பி. மீட்டரின் யூனிட்டிலேயே சொல்கிறேன், இரண்டும் ஒரே அளவுதான். பிஇ 6 அளவுள்ள வண்டி 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் எடுக்கும் என்று வையுங்கள். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மாதம் 510 யூனிட் சுமாராக வரும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், யூனிட் ஏற ஏற ஸ்லாபும் ஏறும். அதனால் காருக்குப் போகும் யூனிட் எல்லாம் மேல் ஸ்லாபில்தான் விழும். யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம். அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 14 கொடுக்கும் பெட்ரோல் வண்டி 196 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 19,600. மாதம் 13,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். தினமும் 20 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக வராது. உங்களுக்கு வருகிறது.

பிஇ 6-இன் 79 யூனிட் பேட்டரிக்குக் கம்பெனி சொல்வது 680 கிலோமீட்டருக்கு மேல். அது சோதனைக்கூடக் கணக்கு. நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு 100-இல் போனால் 450 என்று வைத்துத் திட்டமிடுங்கள். மேலே வருவது போனஸ். கோவை–சென்னை 500 கிலோமீட்டர், ஆகவே வழியில் ஒரு நிறுத்தம் கட்டாயம். "20 நிமிடத்தில் 20-லிருந்து 80 சதவீதம்" என்று விளம்பரத்தில் வருவது 180 கிலோவாட் சார்ஜர், அதாவது மணிக்கு 180 யூனிட் ஏற்றக்கூடியது, கிடைத்தால் மட்டும். 60 கிலோவாட் சார்ஜரில் அதே 60 சதவீதம், அதாவது 47 யூனிட், ஏற 50 நிமிடம் ஆகும். அந்த ஒரு சார்ஜரில் வண்டியில் சொருகும் இரண்டு கன்னையும் இரண்டு வண்டி பிடித்துக்கொண்டால் மின்சாரம் பங்காகும். அப்போது ஒன்றரை மணி நேரம்.

போன வருடம் குடும்பத்தோடு போகும்போது இது எனக்கே நடந்தது. நெடுஞ்சாலை ஓரம், இரவு ஒன்பதரை மணி. நிலையத்தில் இரண்டு சார்ஜர், ஒன்று வேலை செய்யவில்லை, மற்றதில் இன்னொரு கார் நின்றது. செயலி மட்டும் இரண்டும் தயார் என்று காட்டியது. பிள்ளைகள் காரிலேயே தூங்கிவிட்டார்கள். கிளம்பும்போது பதினொன்றே முக்கால். அதற்கப்புறம் நான் 25 சதவீதத்துக்குக் கீழே பேட்டரியை இறங்க விடுவதில்லை. போகவேண்டிய நிலையத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்று இடங்களையும் குறித்துவைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டே புறப்படுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஊட்டிக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு 2,300 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 12 யூனிட் வேண்டும். சாலையில் உருள்வதற்கு இன்னொரு ஆறேழு. 50 கிலோமீட்டர் தூரத்துக்கு இது அதிகம்தான், ஆனால் பயப்படும் அளவு இல்லை. இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரம் செய்யும், தூக்குவதற்குச் செலவான 12 யூனிட்டில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பி வரும். இதில் பலர் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. ஊட்டி விடுதியில் ராத்திரி முழுக்கச் சொருகி 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குவார்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் கிடையாது. அதனால் மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிரேக் பேடில் விழும். இரண்டு டன் வண்டிக்கு மலை இறக்கத்தில் இது ஆகாது. 80 சதவீதத்தோடு இறங்குங்கள்.

சரி, ஓட்டும் சுகம்? பிஇ 6-இல் 286 பிஎஸ் (குதிரைசக்தி), பின்சக்கர இயக்கம், கம்பெனி கணக்கில் 6.7 நொடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். விர்டுஸ் 1.5-இல் 150 பிஎஸ்தான், ஆனால் எடையில் இதைவிட 700 கிலோவுக்கு மேல் குறைவு. கொண்டை ஊசி வளைவில் அந்த 700 கிலோ கையிலேயே தெரியும். ஸ்டீயரிங் சொன்னதும் மூக்கு திரும்புகிற அந்த லேசான உணர்வை எந்த மோட்டாரும் ஈடுகட்ட முடியாது. நண்பர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் உங்களிடம்தான் 1.8 டர்போ ஆக்டேவியா இருக்கிறதே! வளைவுக்கு அது, அவிநாசி சாலைக்கு பேட்டரி. வீட்டில் சொந்த பார்க்கிங்கும் மூன்று ஃபேஸ் இணைப்பும் இருந்தால் பிஇ 6-ஐ எடுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டும் முன் மின்வாரியத்தில் லோடை உயர்த்திவிடுங்கள். ஆக்டேவியாவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அந்த மாதிரி வண்டி இனி வராது.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். முதல் கார். விர்டுஸ் ஜிடி லைன் பிடித்திருக்கிறது. ஜிடி என்றால் வேகமான மாடல்தானே? தம்பி இல்லை என்கிறான்.

பதில்: தம்பி சொல்வது சரி. இந்த வண்டி வந்தபோது ஜிடி என்றால் 1.5 லிட்டர், 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2024-இல் ஜிடி லைன் என்று ஒன்றைக் கொண்டுவந்து, 1.0 லிட்டர், 115 பிஎஸ் எஞ்சினுக்குக் கறுப்புப் பூச்சும் விளையாட்டு வண்டித் தோற்றமும் கொடுத்தார்கள். 1.0 எஞ்சின் நல்ல எஞ்சின், ஊருக்குள் ஓட்ட நிறைவாகவே போதும். பெயரைப் பார்த்து 1.5 என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"லைன்" என்று முடிகிற பெயர் எதைப் பார்த்தாலும் விற்பனையாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: சாதாரண மாடலில் இல்லாத எந்த இயந்திர பாகம் இதில் இருக்கிறது? ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) 2021-இல் வந்தபோது எஞ்சின் சாதாரண டர்போவில் இருந்ததுதான், ஆனால் சஸ்பென்ஷனை இறுக்கி நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். கிரெட்டா என் லைன் 2024-இல் வந்தபோது 160 பிஎஸ் டர்போவோடு கையால் மாற்றும் கியர் கொடுத்தார்கள். சாதாரண கிரெட்டா டர்போவில் அது கிடையாது. இவற்றுக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. கேள்விக்குப் பதிலாக அவர் சிவப்புத் தையல், கறுப்புக் கண்ணாடி என்று ஆரம்பித்தால், அந்த நிறம் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். மெர்சிடிஸ் சி63-இல் நாலு சிலிண்டர், ஹூண்டாய் அயோனிக் 5 என்-இல் போலி கியர், போலிச் சத்தம். மின்சாரம் வந்து மெர்சிடிஸின் ஏஎம்ஜி, பிஎம்டபிள்யூவின் எம் (M), ஹூண்டாயின் என் (N) என்று வேக வண்டிகளின் எல்லாப் பெயரையும் கெடுத்துவிட்டது என்கிறேன். அப்பா ஒத்துக்கொள்ள மறுக்கிறார்.

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள்.

ஏஎம்ஜியை 1967-இல் ஆஃப்ரெக்ட், மெல்ஹர் என்ற இரண்டு பொறியாளர்கள் தொடங்கினார்கள். 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் அவர்களின் 6.8 லிட்டர் சிவப்பு செடான் இரண்டாவதாக வந்தது. அந்தப் பெரிய எஞ்சின்தான் அவர்களின் முகவரி. அப்புறம் 63 என்ற எண்ணைப் பாருங்கள். 2007 சி63-இல் இருந்தது 6,208 சிசி, அதை 6.3 லிட்டர் என்று சொல்லித்தான் 63. அடுத்த தலைமுறையில் எஞ்சின் 3,982 சிசி ஆனது, எண் 63-தான். அதற்கடுத்து 1,991 சிசி, அப்போதும் 63. எண்ணுக்கும் எஞ்சினுக்கும் இருந்த உறவு மின்மோட்டார் வருவதற்கு முன்பே அறுந்துவிட்டது. கடைசியாக வந்ததில் மோட்டாரையும் சேர்த்து 680 பிஎஸ் இருக்கிறது, எடையும் 2,100 கிலோவைத் தாண்டிவிட்டது. வேகத்தில் குறையே இல்லை. அந்த வண்டியை வாங்குகிறவர் எட்டு சிலிண்டரின் குரலுக்காகத்தான் வாங்கினார், அதை எடுத்துவிட்டார்கள். இங்கே நான் உங்கள் பக்கம்.

பிஎம்டபிள்யூ எம் பிரிவில் 2022-இல் அதிகம் விற்றது ஐ4 எம்50 என்ற மின்சார வண்டி. 544 பிஎஸ், ஆனால் முழு எம் கிடையாது, ஒரு படி கீழே. முழு எம்முக்கும் சாதாரண வண்டிக்கும் நடுவில் இப்படி ஒரு படி வைத்து விற்கும் வழக்கம் பெட்ரோல் காலத்திலேயே தொடங்கியது. வெறும் தோற்றத்துக்காக ஏஎம்ஜி லைன், எம் ஸ்போர்ட் என்று டீசல் வண்டிகளுக்குக்கூட ஒட்டிக்கொடுத்தார்கள். பெயர் கரைந்தது அங்கேதான்.

அயோனிக் 5 என்-ஐ இந்த வரிசையில் நான் சேர்க்க மாட்டேன். என் என்ற எழுத்து ஹூண்டாயின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் நாம்யாங், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் இரண்டையும் குறிப்பது. இந்த வண்டியில் உடலுக்குக் கூடுதல் வெல்டிங், முன்சக்கரத்துக்கு 400 மில்லிமீட்டர் டிஸ்க், பந்தயத் தடத்தில் தொடர்ந்து விரட்டினாலும் சக்தி குறையாதபடி பேட்டரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு எல்லாம் உண்டு. பேட்டரி வண்டியைத் தடத்தில் விரட்டினால் இரண்டு மூன்று சுற்றிலேயே சூடேறிச் சோர்ந்துவிடும் என்பது நியாயமான குறை. அந்தக் குறையைத் தீர்க்கவே உழைத்திருக்கிறார்கள். போலி கியரும் சத்தமும் பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். என் என்ற எழுத்துக்கு இந்த வண்டி செய்த மரியாதையை, எந்த இயந்திர பாகமும் மாறாமல் என் லைன் ஒட்டிக்கொண்ட பெட்ரோல் வண்டிகள் செய்யவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. பார்க்கிங்கில் சார்ஜர் மாட்டச் சங்கம் சம்மதிக்கவில்லை. வெளியில் சார்ஜ் செய்து சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம். வெளிச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைவிட அதிகம், ஜிஎஸ்டி வேறு. மிச்சமாகும் காசும் போய், வாரம் இரண்டு மாலை நேரமும் போகும். உங்கள் மீட்டரிலிருந்து இழுத்த ஒரு 16 ஆம்பியர் பிளக் கிடைத்தாலே போதும், ஒரு ராத்திரியில் 30 யூனிட் ஏற்றிவிடலாம். முதலில் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், முன்பணம் அதற்கப்புறம்.

கேள்வி: பழைய டியாகோ ஜேடிபி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? உதிரி பாகம் கிடைக்குமா?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாகச் செய்த வண்டி இது. 2018 அக்டோபரில் 6.39 லட்சத்துக்கு வந்தது. அந்த விலைக்கு 1.2 டர்போ, 114 பிஎஸ், தாழ்த்தி இறுக்கிய சஸ்பென்ஷன், அகலமான டயர், மாற்றியமைத்த கியர் விகிதம். வெளியே ஒட்டிய எழுத்துக்கு உள்ளே ஒவ்வொரு பாகமும் சாட்சி சொன்னது. விற்பனைதான் கைகொடுக்கவில்லை, 2020-இல் கூட்டு முடிந்தது. அதே ஜெயம்தான் நேனோ உடலில் மோட்டார் வைத்து நியோ என்ற மின்சார வண்டியையும் செய்தது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வேலையும் நடந்திருக்கிறது.

எஞ்சின் நெக்ஸான் டர்போ குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் எஞ்சின் பக்கம் பயமில்லை. சிக்கல் ஜேடிபிக்கென்றே செய்த முன் பம்பர், ஓட்டை வைத்த பானெட், ஸ்பிரிங் இவற்றில்தான். பார்க்கப் போகும்போது இந்த மூன்றும் அசலா என்று பாருங்கள். அடிபட்டு சாதாரண டியாகோ பம்பர் மாட்டியிருந்தால், அதற்குத் தகுந்தபடி விலையைக் குறைத்துக் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து புகை வருகிறதா என்றும், டர்போவைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம்.