பல்லாவரம் சந்தைக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்கள்

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பித்தளைப் பாத்திரங்களும் ஒரு வால்வு ரேடியோவும் வாங்க ஆசை. நம்பி வாங்கலாமா? என் மகன் கிளி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அதுவும் அங்கே கிடைக்குமா?
- ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பழைய டிரங்க் சாலை நெடுகக் கடை விரித்திருப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கூட்டத்தில் குனிந்து பொருளைப் பார்க்கக்கூட இடம் இருக்காது.

கைப்பையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. குடம் வாங்கினால் தண்ணீர் ஊற்றி, பற்றவைத்த இடத்தில் கசிகிறதா என்று பாருங்கள். சமைக்கும் பாத்திரம் என்றால் உள்ளே வெள்ளீயம் பூசாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள், புளி பட்டால் களிம்பு ஏறிவிடும். பாத்திரத்தின் கழுத்தில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தால் தயவுசெய்து அதைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரம் அது.

ரேடியோவில் முதலில் பார்க்க வேண்டியது வால்வுகளை, அதாவது உள்ளே பல்புபோல நிற்கும் கண்ணாடிக் குழாய்களை. கண்ணாடியின் உட்புறம் ஓரிடத்தில் வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு இருக்கும். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு இனி வேலை செய்யாது. செட் நன்றாகவே தெரிந்தாலும் வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் செருகிவிடாதீர்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்ததில் கண்டென்சர்கள் கெட்டிருக்கும், டிரான்ஸ்பார்மரே எரிந்துபோகலாம். வால்வு செட் பழகிய மெக்கானிக் ஒருவர் பார்த்த பிறகு போடுங்கள்.

நான் அந்தச் சந்தைக்குப் போவது பெரும்பாலும் உதிரிபாகங்களுக்காக. மிக்சி ஜாடியின் கப்ளர், ஃபேன் ரெகுலேட்டர், குக்கர் கைப்பிடி என்று, கடைக்காரர்கள் 'அதெல்லாம் இப்போது வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கைவிரித்ததெல்லாம் அங்கே தரையில் குவிந்து கிடக்கும். என் தங்கையின் பழைய தையல் மெஷினின் தேய்ந்துபோன பாபின் கேஸை ஒருமுறை கொண்டுபோயிருந்தேன். கடையில் இருந்த பெரியவர் அதை வாங்கி விரல் நுனியில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பக்கத்தில் இருந்த டப்பாவில் கைவிட்டுத் துழாவி, அதே அளவில் ஒன்றை எடுத்தார். பாபினைப் போட்டு, நூல் கோத்து, சீராக வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே சொன்னார். நான் பேரம் பேசவில்லை. அப்படிப்பட்ட கையும் கண்ணும் உள்ளவர்களால்தான் நம் வீட்டுப் பொருட்கள் குப்பைக்குப் போகாமல் பிழைக்கின்றன என்று மனதார நம்புகிறேன். வீட்டில் ஓடாமல் நிற்கும் பொருள் ஏதாவது இருந்தால், கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது.

பழைய செல்போன் மட்டும் வேண்டாம். ரசீது இல்லாத போன் யாரிடமிருந்து பறித்தது என்று யாருக்குத் தெரியும்?

கிளி விஷயம். லவ் பேர்ட்ஸ், மீன், புறா எல்லாம் கிடைக்கும். ஆனால் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது ரகசியமாகக் கூண்டை நீட்டினாலும் வாங்காதீர்கள். நீங்கள் ஒன்றை வாங்கினால் அவர் குஞ்சு பிடிக்க இன்னொரு பொந்துக்குள் கையை விடுவார். மகனிடம் அதைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.