கால்பந்தில் நடுவர் விசில் ஊதாமல் அடித்த ஃப்ரீ கிக் (எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் உதை) கோல் ஆகுமா?
ஆகும். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் பெங்களூரு எஃப்சி அணியின் சுனில் சேத்ரி கூடுதல் நேரத்தில் அப்படித்தான் கோல் அடித்தார். எதிர்த்து ஆடிய கேரளா ப்ளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. அப்புறம் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தது. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் களியக்காவிளைப் பக்கம் இந்தப் பேச்சு எடுத்தால் இன்றும் சூடுதான்.

எதிரணி வீரர்கள் பந்தை மறிக்க வரிசையாக நின்று சுவர் கட்டி முடிப்பதற்குள் பந்தை நிறுத்தி வைத்து உடனே அடிப்பதுதான் விரைவு ஃப்ரீ கிக். ஃபவுல் செய்தவருக்கு அதனால் லாபம் வரக்கூடாது, அதுதான் காரணம். சந்தையில் நம் வண்டியை ஒருவர் மறிக்கிறார், போலீஸ்காரர் அவரை விலக்குகிறார். அவர் சாவகாசமாக ஒதுங்கி நிற்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா என்ன?

ஆனால் 'விசிலுக்கு அப்புறம்தான்' என்று நடுவர் சைகை காட்டிவிட்டால் காத்திருந்தே ஆகவேண்டும். அந்தச் சைகை உண்டா இல்லையா என்பது இரு அணிக்கும் தெளிவாகத் தெரியவேண்டும். தெரியாதபோது ரசிகருக்கு வரும் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நின்ற பிறகுதான் அடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தூரம் தடுப்பவர்களின் கடமை; அடிப்பவர் விரும்பினால் அதற்குக் காத்திருக்காமலே அடிக்கலாம்.